டொமைன் மெயில் திரும்பி வருகிறதா, உங்கள் பெயரில் வேறொருவர் அனுப்புகிறாரா? அறிகுறியை வைத்துச் சரி செய்யும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருக்கும் லாரி குத்தகையாளர்கள், உரக்கடைகள், கல்யாண மண்டபங்கள் என்று பலருக்கும் இந்தக் கோளாறைத் திரும்பத் திரும்பச் சரி செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். செம்பனை ஆலைக்கு அனுப்பிய இன்வாய்ஸ் போய்ச் சேரவில்லை என்பார் ஒருவர், ஆட்களுக்கு அனுப்பிய சம்பளச் சீட்டு ஸ்பாமில் விழுகிறது என்பார் இன்னொருவர், என் பெயரில் யாரோ பணம் கேட்டு மெயில் போட்டிருக்கிறான் என்று பதறிக்கொண்டு வருவார் மற்றொருவர். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மூன்று டிஎன்எஸ் பதிவுகள்தான். டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைனைப் பற்றிய விவரங்களை உலகம் தேடிப் படிக்கும் பொதுப் பட்டியல். உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். போகும் ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையெழுத்து டிகேஐஎம், அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். இந்த இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். இதற்கு மேல் தத்துவம் வேண்டாம்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாகிவிட்டன. சின்னக் கடையாக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்த மெயில் திடீரென்று ஏன் திரும்புகிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். இன்னொன்று, இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையும் பதிவுகளின் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனை

டொமைன் முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். ஆபீசில் உள்ள இன்னொருவருக்கு அனுப்பிப் பார்ப்பதில் பயனில்லை, ஒரே டொமைனுக்குள் சுற்றும் மெயில் வெளியே போய் இந்தச் சோதனைகளைச் சந்திப்பதில்லை. கணினி பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மேல் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும், அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று வரிகள், பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில்.

பாஸ் என்று பார்த்தவுடன் மூடிவிடாதீர்கள். டிகேஐஎம் வரியில் பாஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு டொமைன் பெயர் இருக்கும், அது உங்களுடையதா என்று பாருங்கள். அப்புறம் கீழே உள்ள நீண்ட எழுத்துக் கூட்டத்தில் (இதைத்தான் ஹெடர் என்கிறேன்) ‘டிகேஐஎம்-சிக்னேச்சர்’ என்று தொடங்கும் பகுதியைத் தேடி, அதில் ‘டி=’ பக்கத்தில் உள்ள டொமைனையும் ‘எஸ்=’ பக்கத்தில் உள்ள செலக்டர் பெயரையும் (எந்தச் சாவி என்று காட்டும் பெயர்) ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் டிகேஐஎம் தலைப்புகளுக்கு இந்த இரண்டு பெயர்கள் தேவைப்படும்.

அறிகுறி: ‘550 5.7.26’ என்ற எண்ணோடு மெயில் திரும்பி வருகிறது

ஜிமெயில் வாசலிலேயே நிறுத்தி அனுப்பும் எண் இது. அனுப்பியவர் யாரென்று உறுதி செய்ய முடியவில்லை என்று அர்த்தம்.

எஸ்பிஎஃப் பதிவே இல்லை என்றால்: ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ‘வி=எஸ்பிஎஃப்1’ என்று தொடங்கும் ஒரு வரி கிடைக்கும், அதை டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி பதிவாக, அதாவது எழுத்து வரியாக வைக்கும் பதிவாக, சேர்க்க வேண்டும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் வைத்திருந்தால் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கத்திலேயே எது குறைகிறது என்று காட்டும், சரி செய்யும் பொத்தானும் அங்கேயே இருக்கும். ஆனால் உங்கள் நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகளை உலகத்துக்குக் காட்டும் சர்வர்) வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பொத்தான் ஒன்றும் செய்யாது. இதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

எஸ்பிஎஃப் இருக்கிறது, ஆனால் ஃபெயில் என்றால்: பழைய ஹோஸ்டிங்கிலிருந்து கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ மைக்ரோசாப்ட் 365-க்கோ மாறியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். மாற்றிக் கொடுத்தவர் புது வரியைச் சேர்த்திருப்பார், பழைய வரியை எடுத்திருக்க மாட்டார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மெயில் சேவை ஒவ்வொன்றையும் அனுமதிக்கும் ‘இன்க்ளூட்’ பகுதிகளில் வேண்டியவை அனைத்தையும் ஒரே வரிக்குள் சேர்த்து, ‘வி=எஸ்பிஎஃப்1’ முதலில் ஒரு முறை, ‘~ஆல்’ கடைசியில் ஒரு முறை என்று எழுதி, மற்றதை அழித்துவிடுங்கள்.

வரி ஒன்றுதான், சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் ‘பெர்ம்எரர்’ என்று வந்தால் பத்து என்ற வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். ஒரு எஸ்பிஎஃப் வரியைப் படித்து முடிக்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் ஆகக் கூடாது, ஒவ்வொரு ‘இன்க்ளூட்’டுக்கு உள்ளே இருக்கும் தேடல்களும் இந்தக் கணக்கில் சேரும். எப்போதோ விட்டுவிட்ட நியூஸ்லெட்டர் சேவை, பழைய ஹோஸ்டிங் இவற்றை வரியிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகிறது, அப்படியும் திரும்புகிறது என்றால் யாரோ ஏற்கெனவே ‘பி=ரிஜெக்ட்’ என்று டிமார்க் போட்டு வைத்திருக்கலாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

திரும்பிய எண் 5.7.515 என்றால் அது அவுட்லுக், ஹாட்மெயில் பக்கத்துக் கண்டிப்பு. 2025 மே மாதத்திலிருந்து, நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கானது. நம் ஊர்க் கடைக்கு இந்த எண் வருகிறது என்றால் நீங்கள் அனுப்பாத மெயில்கள் உங்கள் கணக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றனவா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: டிகேஐஎம் பாஸ், ஆனால் டிமார்க் ஃபெயில்

இந்த ஒன்றில்தான் ஆட்கள் அதிக நாள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் பச்சை நிறத்தில் பாஸ் என்று பார்த்தவுடன் கையெழுத்துப் பகுதி சரி என்று முடிவு கட்டிவிட்டு வேறெங்கோ தேடப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் எழுதி வைத்த ‘டி=’ பெயரைப் பாருங்கள். அது ‘ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி.காம்’ என்று முடிந்தால் கூகுள் தன் பெயரில் கையெழுத்துப் போடுகிறது. ‘ஆன்மைக்ரோசாப்ட்.காம்’ என்று முடிந்தால் மைக்ரோசாப்ட் தன் பெயரில் போடுகிறது. கையெழுத்து செல்லும், ஆனால் அது உங்கள் கையெழுத்து அல்ல. டிமார்க் கேட்பது அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனின் கையெழுத்தை.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால்: அட்மின் கன்சோலில் ஆப்ஸ், அதில் ஜிமெயில், அதில் ‘ஆதென்டிகேட் ஈமெயில்’. அங்கே சாவியை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் சேர்த்திருப்பார்கள், ஆனால் திரும்பி வந்து ‘ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்’ பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். அழுத்தாத வரை உங்கள் பெயரில் ஒரு கையெழுத்தும் விழாது. இதற்குக் காசும் இல்லை, திறமையும் வேண்டாம், டிஎன்எஸ்ஸில் சாவி தெரிய ஆரம்பித்த பிறகு அழுத்தினால் போதும். அதற்கு 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. புதிதாக வொர்க்ஸ்பேஸ் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று நாள் வரை சாவி உருவாக்கும் வசதியே திறக்காமல் இருக்கலாம், பொறுத்திருங்கள்.

மைக்ரோசாப்ட் 365 என்றால்: டிஎன்எஸ்ஸில் ‘செலக்டர்1._டொமைன்கீ’, ‘செலக்டர்2._டொமைன்கீ’ என்று இரண்டு சிநேம் பதிவுகள் (வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவுகள்) வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்த பிறகு டிஃபெண்டர் பக்கத்தில் அந்த டொமைனுக்கு எதிரே உள்ள சுவிட்சை ஆன் செய்ய வேண்டும்.

‘டி=’ உங்கள் டொமைனின் உட்பிரிவாக இருந்தால், உதாரணமாக ‘மெயில்.உங்கள்பெயர்.காம்.மை’, கவலை இல்லை, சாதாரணமாக அது பொருந்தும். டிமார்க் வரியில் யாராவது ‘ஏடிகேஐஎம்=எஸ்’ என்று கடுமையாக எழுதி வைத்திருந்தால்தான் பொருந்தாது. அதை எடுத்துவிடுங்கள், சிறு கடைகளுக்கு அந்தக் கடுமை தேவையில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: டிகேஐஎம் ஃபெயில், ‘நோ கீ ஃபார் சிக்னேச்சர்’ என்று ஹெடரில் இருக்கிறது

கையெழுத்து விழுகிறது, அதைச் சரிபார்க்கப் போனால் சாவி இல்லை. நீங்கள் சாவியைப் போட்டிருக்கிறீர்கள்தான், ஆனால் உலகம் தேடும் இடத்தில் இல்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

என்எஸ்லுக்அப் -டைப்=டிஎக்ஸ்டி செலக்டர்._டொமைன்கீ.உங்கள்பெயர்.காம்.மை 8.8.8.8

‘செலக்டர்’ என்ற இடத்தில் நீங்கள் எழுதி வைத்த ‘எஸ்=’ பெயர் வரும். கடைசியில் உள்ள 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ். அதைப் போடாவிட்டால் உங்கள் ரூட்டர் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பதில் ஒன்றும் வரவில்லையா? முதலில் செலக்டர் பெயரை ஒப்பிடுங்கள். கூகுள் வழக்கமாகத் தருவது ‘கூகுள்’, சிபேனல் தருவது ‘டிஃபால்ட்’. மெயிலில் ஒரு பெயரும் டிஎன்எஸ்ஸில் வேறு பெயரும் இருந்தால் சாவி இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

பெயர் சரி என்றால், டொமைன் இரண்டு முறை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல டிஎன்எஸ் பக்கங்கள் பதிவின் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தானாகவே சேர்த்துவிடும். நீங்களும் முழுப் பெயரைத் தட்டினால் ‘கூகுள்._டொமைன்கீ.உங்கள்பெயர்.காம்.மை.உங்கள்பெயர்.காம்.மை’ என்று ஆகிவிடும். பெயர்க் கட்டத்தில் ‘கூகுள்._டொமைன்கீ’ வரைக்கும் மட்டும் தட்டுங்கள். முன்னால் உள்ள அடிக்கோட்டை விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அது இல்லாமல் வேலை செய்யாது.

அதுவும் சரியா? அப்படியானால் நேம்சர்வர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், நம் பக்கத்தில் நான் பார்க்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இங்கேதான் வந்து நிற்கின்றன. டொமைனை ஓரிடத்தில் வாங்கியிருப்பார்கள், வெப்சைட் இன்னொரு ஹோஸ்டிங்கில் இருக்கும், வேகமாக இருக்கட்டும் என்று நடுவில் யாரோ கிளவுட்ஃப்ளேரைச் சேர்த்திருப்பார். மூன்று இடத்திலும் டிஎன்எஸ் மாற்றும் பக்கம் திறக்கும், மூன்றிலும் சேமித்துவிட்டேன் என்றுதான் வரும். ஆனால் உலகம் பார்ப்பது நேம்சர்வர் காட்டும் ஒரே ஒரு இடத்தைத்தான்.

என்எஸ்லுக்அப் -டைப்=என்எஸ் உங்கள்பெயர்.காம்.மை

இதற்கு வரும் பதிலில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே போய்ப் பதிவைச் சேருங்கள். கிளவுட்ஃப்ளேர் என்றால் டிகேஐஎம் சிநேம் பதிவுகளுக்குப் பக்கத்தில் உள்ள ஆரஞ்சு மேகத்தை அழுத்திச் சாம்பல் நிறமாக்குங்கள். ஆரஞ்சாக இருந்தால் சாவிக்குப் போகும் வழி மறைந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்து, இரண்டு நாள் கழித்தும் பதில் வரவில்லை என்றால் டொமைன் விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். என்எஸ்லுக்அப் பதிலைப் படமெடுத்து இணைத்தால் ‘வெயிட் பண்ணுங்கள்’ என்ற பதில் வருவது குறையும்.

அறிகுறி: சாவி தெரிகிறது, ஆனாலும் கையெழுத்து பொருந்தவில்லை

சாவி அரைகுறையாக ஏறியிருக்கும். 2048 பிட் சாவி ஏறக்குறைய 400 எழுத்து நீளம், ஆனால் டிஎக்ஸ்டி பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும். சில டிஎன்எஸ் பக்கங்கள் தாமாகவே இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும், சில பக்கங்கள் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சோதிப்பது சுலபம்: சாவியின் கடைசி ஆறு எழுத்து வழக்கமாக ஐ, டி, ஏ, கியூ, ஏ, பி என்று முடியும், எல்லாம் பெரிய எழுத்து. என்எஸ்லுக்அப் பதிலில் அந்த முடிவு இல்லை என்றால் வெட்டுப்பட்டிருக்கிறது. இரட்டை மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக எழுதிப் பாருங்கள். அதையும் ஏற்காத பக்கம் என்றால் 1024 பிட் சாவிக்கு இறங்கலாம், ஜிமெயில் அதை இன்னும் ஏற்கிறது. 2048 நல்லது, ஆனால் வெட்டுப்பட்ட 2048-ஐவிட முழுசான 1024 மேல்.

சாவியை வாட்ஸ்அப்பிலோ வேர்ட் கோப்பிலோ அனுப்பி அங்கிருந்து ஒட்டினீர்களா? நடுவில் இடைவெளி, வளைந்த மேற்கோள் குறி, வரி முறிவு ஏதாவது நுழைந்திருக்கும். மூலப் பக்கத்திலிருந்து நேராக நகலெடுத்து ஒட்டுங்கள்.

இரண்டு பேர் கை வைத்த டொமைன் என்றால் இன்னொரு சந்தேகம். ஒருவர் டிஎன்எஸ்ஸில் சாவியைப் போட்ட பிறகு மற்றவர் சர்வரில் புதுச் சாவி உருவாக்கியிருப்பார். இரண்டும் ஜோடியாக இல்லாவிட்டால் ஒருநாளும் பொருந்தாது. இப்போது சர்வரில் உள்ளதை மறுபடி எடுத்து டிஎன்எஸ்ஸில் போடுங்கள்.

ஹெடரில் ‘பாடி ஹாஷ் டிட் நாட் வெரிஃபை’ என்று இருந்தால் சாவியைத் தொடாதீர்கள், அது சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு யாரோ மெயிலின் உள்ளடக்கத்தை மாற்றுகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். வைரஸ் சோதனை முடிந்தது என்று அடியில் ஒரு வரி சேர்க்கும் மென்பொருள், ‘இந்த மெயில் ரகசியமானது’ என்று பத்தி ஒட்டும் சர்வர், சங்கத்துக் குழு மெயில் பட்டியல் இவைதான் வழக்கமான காரணங்கள். ஒட்டும் வசதியை நிறுத்திவிட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். நிறுத்த முடியாது, வேண்டும் என்றால் ஒட்டிய பிறகு கையெழுத்து விழும்படி சர்வரில் வரிசையை மாற்ற வேண்டும், அதைச் சர்வர் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

அறிகுறி: நான் அனுப்பினால் சரி, ஆபீசிலிருந்து தானாகப் போகும் மெயில் மட்டும் ஃபெயில்

உங்கள் பெயரில் அனுப்புகிறவர் நீங்கள் மட்டும் அல்ல. உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். கணக்கு மென்பொருள் இன்வாய்ஸ் அனுப்பும். சம்பள மென்பொருள் சம்பளச் சீட்டு அனுப்பும். வெப்சைட்டில் உள்ள தொடர்புப் படிவம் அனுப்பும். போட்டோஸ்டேட் மெஷின் ஸ்கேன் செய்து அனுப்பும். ஆபீஸ் எழுத்தர் கிராணி தன் கைப்பேசியில் பழைய எஸ்எம்டிபி (மெயிலை வெளியே அனுப்பும் சர்வர்) அமைப்பை வைத்துக்கொண்டு அனுப்புவார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்ப வைத்து ஷோ ஒரிஜினல் பாருங்கள். ஒன்று பாஸ் என்பதால் மற்றதும் பாஸ் என்று நினைக்க வேண்டாம்.

கணக்கு, சம்பள மென்பொருள்: பெரும்பாலானவற்றில் டொமைனை உறுதி செய்யும் பக்கம் இருக்கும், அவர்கள் தரும் சிநேம் அல்லது டிஎக்ஸ்டி பதிவை டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் உங்கள் மெயில் கணக்கின் எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் சொல்லி அமைக்கலாம். இரண்டுமே முடியாது என்றால் அனுப்புநர் முகவரியை அந்த நிறுவனத்தின் முகவரியாகவே விட்டுவிட்டு, பதில் மட்டும் உங்களுக்கு வரும்படி வைப்பதுதான் நேர்மையான வழி.

வெப்சைட் படிவம்: இதில் எப்போதும் ஒரே தவறுதான். படிவத்தை நிரப்பும் வாடிக்கையாளரின் முகவரியை அனுப்புநர் கட்டத்தில் போட்டு வைத்திருப்பார்கள். அவர் ஜிமெயில் வைத்திருந்தால் உங்கள் வெப்சைட் ஜிமெயில் பெயரில் மெயில் அனுப்புகிறது, அதாவது நீங்கள்தான் அங்கே போலி. அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரி ‘ரிப்ளை-டு’ கட்டத்தில் போகட்டும். வேர்ட்பிரஸ் என்றால் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டுச் சரியான கணக்கு வழியாக அனுப்புங்கள்.

ஸ்கேனர்: பழைய மெஷின்களுக்குப் புது முறையில் லாகின் செய்யத் தெரியாது. அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டாம், ஸ்கேனை ஆபீஸ் கணினியில் உள்ள ஃபோல்டருக்கு அனுப்பச் செய்துவிட்டு மெயிலை மனிதர் அனுப்பட்டும்.

அறிகுறி: மூன்றும் பாஸ், அப்படியும் ஸ்பாமில் விழுகிறது

இது கையெழுத்துக் கோளாறு அல்ல. டிஎன்எஸ்ஸைக் கிளறுவதை நிறுத்துங்கள். டொமைன் புதிதாக இருக்கலாம், ஒரே மெயிலை நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கலாம், அல்லது மலிவு ஹோஸ்டிங்கில் உங்களோடு ஒரே சர்வரைப் பகிரும் வேறு யாரோ ஸ்பாம் அனுப்பி அந்த ஐபி முகவரியின் பெயரைக் கெடுத்திருக்கலாம். ஹோஸ்டிங்கில் கேட்டு வேறு ஐபிக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் மெயிலை மட்டுமாவது நல்ல சேவைக்கு நகர்த்துங்கள், மாதம் கொஞ்சம் வெள்ளி செலவாகும், இன்வாய்ஸ் போய்ச் சேரும்.

அறிகுறி: என் பெயரில் வேறொருவர் மெயில் அனுப்புகிறார்

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதப் பணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள்.’ இப்படி ஒரு மெயில் உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்குப் போய், அவர் பணத்தைப் போட்டேவிட்டார் என்றால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவரை உடனே தம் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழைக்கச் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ் புகார். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வேண்டும், மணி நேரக் கணக்கில் வாய்ப்பு குறையும். டிஎன்எஸ் எங்கேயும் போகாது.

பணம் போகவில்லை, அல்லது புகார் கொடுத்தாகிவிட்டது என்றால், அந்தப் போலி மெயில் வேண்டும். வாடிக்கையாளரை ஃபார்வர்ட் செய்யச் சொல்லாதீர்கள், ஃபார்வர்ட் செய்தால் பழைய ஹெடர் போய்விடும். ஷோ ஒரிஜினல் பக்கத்திலிருந்து கோப்பாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ளதைப் பொறுத்து நான்கு வழி பிரிகிறது.

அனுப்புநர் பெயர் உங்களுடையது, முகவரி ஏதோ ஒரு ஜிமெயில்: டிமார்க் இதைத் தடுக்காது, உங்கள் டொமைனை அவன் பயன்படுத்தவே இல்லை. கைப்பேசியில் பெயர் மட்டும் தெரிவதால் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பி, கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும் பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் பணம் போட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்.

முகவரி உங்களுடையது போலவே இருக்கிறது, ஒரு எழுத்து வித்தியாசம்: ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’ ‘என்’ என்று இரண்டு எழுத்து, ‘எல்’லுக்குப் பதில் ஒன்று என்ற எண், ‘காம்.மை’க்குப் பதில் வெறும் ‘காம்’. அவன் அந்த டொமைனைக் காசு கொடுத்து வாங்கி, அதற்கு முறையாக டிகேஐஎம்கூடப் போட்டிருப்பான், எல்லாம் பாஸ் என்றே காட்டும். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கும், அந்த டொமைனை விற்ற நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கும் ஹெடரோடு எழுதுங்கள்.

முகவரி அச்சு அசலாக உங்களுடையது, டிமார்க் ஃபெயில்: இதைத்தான் நீங்கள் முழுசாக அடைக்க முடியும். ‘_டிமார்க்’ என்ற பெயரில் பதிவே இல்லாமல் இருக்கும், அல்லது ‘பி=நன்’ என்று போட்டு வருடக்கணக்கில் அப்படியே விட்டிருப்பார்கள். நன் என்றால் ஃபெயில் ஆனாலும் உள்ளே விடு என்று நீங்களே உலகத்துக்குச் சொல்வது. அது வேவு பார்க்கும் கட்டத்துக்கானது, நிரந்தரமாக இருக்க வேண்டியது அல்ல.

அதற்காக இன்றைக்கே ‘பி=ரிஜெக்ட்’ போட்டுவிடாதீர்கள். முதலில் ‘பி=நன்’, கூடவே ‘ஆர்யுஏ=மெயில்டு:’ என்று எழுதி அறிக்கை வர வேண்டிய முகவரி. பெரிய மெயில் சேவைகள் வழக்கமாக நாளுக்கு ஒரு முறை எக்ஸ்எம்எல் கோப்பாக அறிக்கை அனுப்பும், அதைப் படித்துக் காட்டும் இலவசச் சேவைகள் உண்டு. உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்புகின்றன, எது பாஸ், எது ஃபெயில் என்று தெரியும். நம் ஊர்த் தொழில்களுக்கு நான் சொல்லும் கணக்கு, ஒரு மாதக் கடைசியும் ஒரு ஏழாம் தேதியும் கடந்து போகும் வரையாவது அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். இன்வாய்ஸும் ஸ்டேட்மெண்டும் மாதக் கடைசியில்தான் போகின்றன, சம்பளச் சீட்டு ஏழாம் தேதிக்குள் போகிறது. நடு மாதத்தில் இரண்டு வாரம் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ரிஜெக்ட் போட்டால், ஏழாம் தேதி அன்று ஆட்களின் சம்பளச் சீட்டு மொத்தமும் திரும்பி வந்து நிற்கும். உங்களுடைய சர்வர்கள் அனைத்தும் பாஸ் ஆன பிறகு ‘பி=குவாரண்டைன்’, அடுத்த மாதமும் புகார் இல்லை என்றால் ‘பி=ரிஜெக்ட்’.

அறிக்கையே வரவில்லை என்றால் பெரும்பாலும் அறிக்கை முகவரி வேறு டொமைனில் இருக்கும். அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸிலும் ஒரு சம்மதப் பதிவு வேண்டும். சுலபமான வழி, உங்கள் டொமைனிலேயே ஒரு முகவரி.

வாங்கி வைத்து மெயிலுக்குப் பயன்படுத்தாத டொமைன் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, எஸ்பிஎஃப் ‘வி=எஸ்பிஎஃப்1 -ஆல்’, டிமார்க் ‘பி=ரிஜெக்ட்’ என்று இன்றே போடலாம்.

முகவரி உங்களுடையது, மூன்றும் பாஸ்: யாரோ உங்கள் கணக்குக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நான்கில் மோசமானது இதுதான். வேறு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள், இரண்டு படி சரிபார்ப்பைப் போடுங்கள். அதோடு நிற்காதீர்கள், ஃபார்வர்டிங், ஃபில்டர், ரூல்ஸ் பக்கங்களைத் திறந்து பாருங்கள். இன்வாய்ஸ், பேமெண்ட் என்ற சொல் வரும் மெயில்களை யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளும் ரூல் ஒன்றைப் போட்டு வைப்பார்கள், அதனால்தான் வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டு எழுதிய பதில்கூட உங்கள் கண்ணில் படவில்லை. ஆப் பாஸ்வேர்டுகள் இருந்தால் அழியுங்கள். இந்த இடத்தில் தொழில் தெரிந்த ஆளைக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள், எந்தக் கணினி வழியாக உள்ளே வந்தான் என்று தெரியாமல் விட்டால் மறுபடியும் வருவான்.

அறிகுறி: எங்கே போய் மாற்றுவது என்றே தெரியவில்லை

வெப்சைட் செய்து கொடுத்த தம்பி டொமைனைத் தன் கணக்கில் வாங்கியிருப்பார், இப்போது சிங்கப்பூரில் வேலையாக இருப்பார், தொலைபேசி எடுக்க மாட்டார். முதலில் பழைய ரசீது, புதுப்பிப்பு மெயில் இவற்றைத் தேடுங்கள், எந்த நிறுவனத்திடம் வாங்கியது என்று அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் பாருங்கள், ‘.மை’ டொமைன்களுக்கு மைநிக் தளத்தில் அந்தத் தேடல் இருக்கிறது. பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிவு ஆவணங்களோடு டொமைன் விற்ற நிறுவனத்துக்கு எழுதி லாகினை மீட்கலாம். பதிவே அந்தத் தம்பியின் பெயரில் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும், கோபப்படாமல் பேசிப் பாருங்கள், அவருக்கும் அது சுமைதான்.

லாகின் கைக்கு வந்ததும் அதன் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மெயிலைப் போடாதீர்கள். டொமைன் விழுந்தால் கடவுச்சொல் மீட்கும் மெயிலும் வராது. முதலாளியின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் வைத்து, அதற்கும் இரண்டு படி சரிபார்ப்பு போட்டு, அதைக் கொடுங்கள்.